நாளொன்றுக்கு ஒரு படம்

ஒரு குடும்பத்திலே புகைப்படம் எடுக்கப்பட்ட நாட்கள் எவை என்று பழைய அல்பங்களைப் புரட்டிப் பார்த்தால், அவை விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருக்கும். திருமணம், பிள்ளையின் முதலாவது பிறந்த நாள், பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழா, மகன் கடல் கடந்து தொழிலுக்குப் புறப்படும் நாள், இவ்வளவுதான். அந்நாட்களிலும் படம் வீட்டிலே எடுக்கப்பட்டதில்லை. பட்டணத்துப் புகைப்பட நிலையத்துக்குக் குடும்பம் முழுவதும் புத்தாடை உடுத்திச் செல்லும். அங்கே திரைச்சீலையிலே ஒரு மாளிகையின் படிக்கட்டுத் தீட்டப்பட்டிருக்கும். பக்கத்திலே காகிதப் பூக்கள் செருகிய சாடி ஒன்று நிற்கும். தகப்பனார் நாற்காலியில் அமர்வார்; தாயார் அருகில் நிற்பார்; பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு கண் இமைக்காமல் நோக்குவார்கள். ஓலைக் குடிசையில் வாழ்ந்தவரும் ஓட்டு வீட்டில் வாழ்ந்தவரும் ஒரே மாளிகையின் முன் நின்று காட்சியளிப்பதற்குக் காரணம் இதுவே.

அப்படங்களைக் குறைத்து மதிப்பதற்கில்லை. தமிழ்நாட்டுப் புகைப்பட நிலையங்களிலே ஏறக்குறைய 1880 முதல் 1980 வரை எடுக்கப்பட்ட படங்களைத் தேடித் தொகுத்து மின்வடிவில் பேணும் முயற்சியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் ஆதரவுடன், மேற்கொண்டது. பல நிலையங்கள் மூடப்பட்டுவிட்டன. கண்ணாடித் தகடுகள் குப்பையிலே எறியப்பட்டன. எஞ்சியவற்றை ஈரமும் பூச்சியும் தின்றன. ஆயினும், காப்பாற்றப்பட்டவை மிகப் பெரும்பாலும் சிறப்பு நாட்களின் படங்களே. அக்குடும்பங்கள் மற்ற நாட்களிலே எந்த முற்றத்தில் உண்டன, எந்தக் கிணற்றில் நீர் அள்ளின, பிள்ளைகள் எந்தத் திண்ணையில் இருந்து படித்தன என்பவற்றை அத்திரைச்சீலை மறைத்துவிட்டது.

மன்னார்ப் பட்டினத்திலே உப்புக்குளம் என்று ஒரு பகுதி உண்டு. கடலைச் சார்ந்து வாழும் மக்கள் மிகுந்த இடம். அதன் பெயரிலேயே உப்பு இருக்கிறது. புகைப்படக் கலைக்கும் உப்புக்கும் உள்ள உறவை அறிந்தவர்களுக்கு இப்பெயர் வேறொரு நினைவையும் எழுப்பும். காகிதத்தின் மேல் ஒளியினால் உருவம் எழுதும் முறை, நாம் சோற்றுக்கு இடும் இதே உப்பைக்கொண்டு பிறந்த ஒன்றாகும்.

இங்கிலாந்திலே வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்பவர் 1830களில் செய்த சோதனை அது. நல்ல எழுதுதாளை மெல்லிய உப்பு நீரில் தோய்த்து உலர்த்தினார். அதன் மேல் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் தூரிகையால் பூசினார். இரண்டும் கூடித் தாளிலே வெள்ளிக் குளோரைட்டு உண்டாயிற்று. ஒளி பட்ட இடம் கறுத்தது; படாத இடம் வெண்மையாக நின்றது. மேலும் கறுத்துப் போகாதபடி உருவத்தை நிறுத்திவைக்கவும் அவருக்குக் கைகொடுத்தது உப்புத்தான். இம்முறை கடுமையான உப்புக் கரைசல். 1835ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே தம் வீட்டுச் சாளரம் ஒன்றை அவர் இவ்வாறு பதித்தார். தபால் முத்திரையினும் சற்றே பெரிதான அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. சோதனைக்காக வீட்டைச் சுற்றி அவர் வைத்திருந்த சிறு மரப்பெட்டிகளை அவருடைய மனைவியார் ‘எலிப்பொறிகள்’ என்று கேலி செய்தாராம்.

கவனிக்கத்தக்கது யாதெனில், இக்கலை தோன்றிய காலத்திலேயே அது வீட்டுச் சாமான்களை நோக்கித் திரும்பியது என்பதே. 1844இல் டால்பட் எடுத்த படம் ஒன்று பெரும்புகழ் பெற்றது. அதில் அரசரும் இல்லை, கோட்டையும் இல்லை. திறந்து கிடக்கும் ஒரு கதவு, அதன் அருகே சாய்த்துவைத்த ஒரு விளக்குமாறு, உள்ளே இருள். அவ்வளவே. உப்புக்குளத்தின் எந்த வீட்டு வாசலிலும் நாளை காலையில் இதே காட்சியைக் காணலாம். காண்பவர் படம் எடுக்க மாட்டார் என்பதுதான் வேறுபாடு.

இலங்கையிலே இக்கலை மக்களை எவ்வாறு அணுகியது என்பதையும் சிறிது நோக்குதல் வேண்டும். ஜூலியா மார்கரெட் கமரூன் என்னும் ஆங்கிலப் பெண்மணி உலகப் புகழ் வாய்ந்த படக் கலைஞர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். களுத்துறையிலே தங்கியிருந்தபோது தோட்டத் தொழிலாளர்களையும் வேலைக்காரரையும் அவர் படமெடுத்தார். அழகான படங்கள். ஆனால் இங்கிலாந்திலே அவர் எடுத்த கவிஞர், அறிஞர் படங்களின் கீழ்ப் பெயர்கள் இருக்கின்றன. இலங்கைப் படங்களில் உள்ள முகங்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. பின்னர் கொழும்பிலும் கண்டியிலும் பெருகிய ஐரோப்பியப் புகைப்பட நிலையங்கள், ‘தமிழ்ப் பெண்’, ‘சோனகர்’, ‘முத்துக் குளிப்போர்’ என்று இனத்தையும் தொழிலையும் மட்டும் அச்சிட்டு அஞ்சலட்டைகளாக விற்றன. மன்னார்க் கடலிலே முத்துக் குளித்தவர்களின் படங்கள் ஐரோப்பா வரை சென்றன. அவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றைக் கண்டால், தங்கள் பாட்டனார் இவர்தான் என்று சொல்ல வழியேது? பிறர் எடுத்த படத்துக்கும் தாமே எடுத்துப் பெயர் எழுதிவைத்த படத்துக்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

தம் குடும்பத்தைத் தாமே படமெடுத்தவர்களுள் இந்தியாவிலே முதன்மையாகக் கூறத்தக்கவர் உம்ராவ் சிங் ஷேர்கில். 1870இல் பிறந்து 1954இல் மறைந்த இவர், சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்ற பெருந்தனவந்தர். மனைவியார் ஹங்கேரி நாட்டவர். மூத்த மகளே புகழ்பெற்ற ஓவியர் அம்ரிதா ஷேர்கில். சிறு பெண்கள் வேடமிட்டு விளையாடுவது, மனைவி பியானோவின் முன் இருப்பது, மகள் ஓவியச் சட்டத்தின் அருகே நிற்பது, தாம் நூல்களின் நடுவே அமர்ந்திருப்பது என்று, அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் படமெடுத்துக்கொண்டே இருந்தார். 1941இல் அம்ரிதா 28 வயதிலே இறந்தார். ஓவியங்கள் அவருடைய கலையைச் சொல்லும். ஆனால் அவர் குழந்தையாக எப்படி நின்றார், தங்கையோடு எப்படிச் சிரித்தார் என்பதை உலகம் அறிவது தந்தையின் படங்களால்தான். பேரனாகிய ஓவியர் விவான் சுந்தரம் 2001ஆம் ஆண்டளவில் அப்படங்களை இணைத்துப் புதிய படைப்புகளையே உருவாக்கினார்.

உம்ராவ் சிங் நினைத்தபோது எடுத்தார். நாள்தோறும் ஒன்று என்று விரதம் பூண்டவர் வேறொருவர்: நியூயோர்க் நகரத்து ஜேமி லிவிங்ஸ்டன். 1979 மார்ச் 31ஆம் தேதி, மாணவராக இருந்தபோது, அவர் ஒரு படம் எடுத்தார். பொலராய்டு என்னும் வகைக் கமரா அது. விசையை அழுத்தியதும் தாள் வெளியே வரும், சில நிமிடங்களில் படம் தானே தெளியும். சில வாரங்கள் சென்ற பின்னரே, நாளொன்றுக்கு ஒரு படம் எடுத்துவருவதை அவர் உணர்ந்தாராம். உணர்ந்ததும் விடவில்லை. ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் இல்லை என்பதே விதி. நல்ல காட்சி காலையிலே வந்து அன்றைய படம் முடிந்துவிட்டால், மாலையில் அதனினும் சிறந்தது வந்தாலும் அதைக் கண்ணால் மட்டும் காணவேண்டியதுதான்.

நண்பர்கள், உணவு மேசை, மழை பெய்த தெரு, விளையாட்டரங்கு, தாம் பணியாற்றிய திரைப்படத் தொழில் என்று அவருடைய நாட்கள் செல்கின்றன. பல படங்கள் கலைநயம் அற்றவை. சிலவற்றிலே என்ன இருக்கிறது என்பதே விளங்காது. பின்னர் மருத்துவமனை தோன்றுகிறது. தலைமுடி உதிர்கிறது. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் நடந்த திருமணமும் அவ்வரிசையிலே ஒரு படம்தான். 1997 அக்டோபர் 25ஆம் தேதி, தமது 41ஆவது பிறந்த நாளன்று, அவர் காலமானார். படங்களும் அன்றோடு முடிகின்றன. நண்பர்கள் அவற்றைத் தேதி வரிசையில் ஒழுங்குசெய்து 2007இல் காட்சிக்கு வைத்தனர். மொத்தம் 6,697 படங்கள். பதினெட்டரை ஆண்டுகளின் நாட்களை எண்ணினால் இத்தொகை சற்றுக் குறைவு. சில நாட்கள் விடுபட்டுவிட்டன. அதனால் அந்தத் தொகுப்பின் மதிப்புக் குறைந்துவிட்டதாக எவரும் சொல்லவில்லை. தொடங்க அஞ்சுபவர்கள் இதை மனத்திற் கொள்ளலாம்.

நியூயோர்க்கிலே பொழுதுபோக்காகத் தொடங்கிய இவ்வழக்கம் உப்புக்குளத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். மன்னாரின் அண்மைக்கால வரலாற்றை எண்ணிப் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்க மாட்டார்கள்.

1990ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியிலே, தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டளையால், வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் சில நாட்களுள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள், உப்புக்குளத்தவர் உட்பட, கடற்கரைக்கு வந்து படகேறிக் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் கரையேறினர். கையிலே கொள்ளக்கூடியவற்றை மட்டுமே கொண்டுசெல்ல முடிந்தது. அத்தகைய வேளையிலே பிள்ளையைத் தூக்குவதா, அல்பத்தைத் தூக்குவதா? வீடு, சாமான்கள், பெட்டியின் அடியில் இருந்த படங்கள் எல்லாம் பின்னால் நின்றன. புத்தளத்து அகதி முகாம்களிலே பிறந்த பிள்ளைகள் இருபது வயதுவரை உப்புக்குளத்தைப் பெரியவர்களின் வாய்ச்சொல்லாக மட்டுமே அறிந்திருந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னர் குடும்பங்கள் மீளத் தொடங்கியபோது, பல இடங்களிலே கூரையும் இல்லை, கதவும் இல்லை. முற்றம் எதுவரை இருந்தது, வேலி எங்கே ஓடியது என்பவற்றை நினைவுகொண்டு சொல்லக்கூடிய முதியவர்களுள் பலர் மறைந்துவிட்டிருந்தனர்.

இழப்பு ஓர் இனத்தாருக்கு மட்டும் உரியதன்று. 1964 டிசம்பர் 22, 23ஆம் தேதிகளிலே வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு மன்னார்த் தீவையும் தாக்கியது. 1980களிலே தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் படகேறி இராமேசுவரம் சென்ற தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அவைகளின் அல்பங்கள் மண்டபம் முகாமிலும், பிற நாடுகளிலும், கடலடியிலும் சிதறின. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்திலே அமர்ந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராடிய தாய்மாரின் கைகளிலே இருந்தவற்றை நாளிதழ்களில் கண்டிருக்கலாம். பல, அடையாள அட்டைக்கென எடுத்த சிறு படத்தைப் பெருப்பித்தவை. அம்மகன் சிரித்து நின்ற ஒரு சாதாரண நாள் எவராலும் எடுக்கப்படவில்லை. எடுக்கப்பட்டிருந்தால் அது எங்கோ அழிந்துவிட்டது.

அழிவினால் மட்டும் ஊர் மாறுவதில்லை. ஆக்கத்தினாலும் மாறுகிறது. 1914இல் வந்த தலைமன்னார் ரயில் பாதை 1990இல் நின்றது. 2015இல் மீண்டும் ஓடியது. 2010இலே புதிய பாலம் தீவைப் பெருநிலத்தோடு இணைத்தது. தீவின் தென்கரையிலே 2020 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்று மின்நிலையத்தின் 30 கோபுரங்கள், பனையே உயர்ந்து நின்ற கரையோரத்தின் தோற்றத்தையே மாற்றிவிட்டன. அதற்கு முந்திய அடிவானம் எப்படி இருந்தது என்று இன்று பத்து வயதுப் பிள்ளை ஒன்று கேட்டால், எந்தப் படத்தைக் காட்டுவது? பள்ளிமுனையிலுள்ள பெருக்க மரத்தின் படம் வேண்டுமானால் ஆயிரம் கிடைக்கும். பத்தொன்பது மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவு கொண்ட அம்மரத்தைப் படமெடுக்காத பயணி இல்லை. கோட்டைக்கும் அப்படியே. அவை ஓடிப்போகப் போவதில்லை. ஓடிப்போவது வீட்டு வாசலில் காயும் வலையும், வெயிலிலே பரப்பிய கருவாடும், கழுதை வந்து முகரும் கிடுகு வேலியுந்தான்.

இனி, இவ்வழக்கத்தை ஒரு வீட்டிலே எப்படி மேற்கொள்வது என்பதைப் பார்க்கலாம். முன்னாளிலே ஒரு சுருள் படத்தாளில் 12 படங்களோ 36 படங்களோதான் அடங்கும். கழுவி அச்சிடும் கூலியும் சேர்ந்தால், மீனவக் குடும்பத்துக்கு நாளொரு படம் என்பது நடவாத செயல். இன்றோ கைத்தொலைபேசியிலே படம் எடுக்கச் செலவில்லை. செலவின்மையே ஒரு தீங்காகவும் முடிந்திருக்கிறது. ஒரே மாலையில் எண்பது படம் எடுத்துவிட்டு, ஆண்டு முடிவிலே ஒன்றையும் தேடிக் காணமுடியாமல் நிற்கிறோம். லிவிங்ஸ்டனின் விதி இங்கேதான் உதவும்: நாளுக்கு ஒன்றே, எது என்று சற்று நின்று நினைத்தல் வேண்டும்.

சோம்பல் வரும் நாட்களுக்கென ஓர் இடத்தை நிலையாகக் குறித்துக்கொள்வது நன்று. வாசற்படியாக இருக்கலாம், கிணற்றடியாக இருக்கலாம். ஒரே இடத்தில் நின்று ஒரே திசையை எடுத்துவந்தால் முதல் வாரம் அலுப்பாகத்தான் இருக்கும். அடுக்களையிலிருந்து உம்மா, “இதைப்போய் ஏன் மகன் ஒவ்வொரு நாளும் பிடிக்கிறீங்க? நேத்தும் இதுதானே?” என்று கேட்பார். ஆறு மாதம் சென்று வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, நேற்றும் இன்றும் ஒன்றல்ல என்பது தெரியும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசும். மணல் படியின் ஓரத்திலே சேரும். தென்கடல் கொந்தளிக்க, தொழில் வடகரைக்குத் திரும்பும். அக்டோபரில் மழை இறங்கும், வாடை தொடங்கும், வடகடல் குமுறும். காய்ந்து கிடந்த முற்றத்திலே புல் முளைக்கும். வங்காலைக் களப்புக்குப் பூநாரைகள் வந்துவிட்டன என்ற செய்தி எட்டும். வாசலிலே கிடக்கும் செருப்புகளின் எண்ணிக்கையும் மாறும்: தம்பி கத்தாருக்குப் போனான், மச்சினி வந்தாள், பாட்டியின் செருப்பு ஒரு நாள் முதல் இல்லை.

ஒளியைப் பற்றியும் ஒரு சொல். மன்னாரிலே ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அவ்வேளையில் எடுத்த முகங்களிலே கண்கள் இருண்ட குழிகளாகும். காலை எட்டு மணிக்கு முன்னரும் மாலை நான்கரைக்குப் பின்னரும் ஒளி சாய்ந்து வரும். மணலின் நிறமும் முகத்தின் நிறமும் அப்போதுதான் ஒத்துப்போகும். நண்பகலில் எடுத்தே ஆகவேண்டுமாயின், ஆளைக் கதவு நிழலுக்குள் இருத்திவிட்டால் போதும். வெளியேயுள்ள வெண்மணல் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமே விளக்காகிவிடும்.

யாரை எடுப்பது என்பதிலே கருத்து வேண்டும். தம் முகம் படத்தில் விழுவதை விரும்பாத பெண்கள் உண்டு, பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய சொல்லே முடிவு. முகம் இல்லாவிட்டால் வாழ்க்கை இல்லை என்பதில்லை. மீன் அரியும் கை, தேங்காய் துருவிய பின் கிடக்கும் சிரட்டை, தொழுகைக்கு விரித்த பாய், மருந்துப் போத்தலின் அருகே கழற்றிவைத்த மூக்குக் கண்ணாடி, இவை ஒருவரை எவ்வளவோ தெளிவாக நினைவூட்டவல்லவை. கரைக்கு வரும் தொழிலாளர்களையும் கேட்டே எடுத்தல் வேண்டும். கேளாமல் எடுத்துச் சென்ற வெள்ளைக்காரர்களை மேலே குறைகூறிவிட்டு, நாமும் அதையே செய்தல் முறையாகாது.

எடுப்பதினும் காப்பதே கடினம். தொலைபேசி கடலில் விழும், களவு போகும், ஒரு நாள் தானே அணைந்துவிடும். மாதம் ஒருமுறையாவது படங்களை வேறு இரண்டு இடங்களிலே படியெடுத்துவைத்தல் வேண்டும். அவற்றில் ஒன்று ஊருக்கு வெளியே, கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடம் இருக்கட்டும். 1990இன் பாடம் இது. மாதத்துக்கு ஒரு படத்தையேனும் தாளிலே அச்சிடுதல் நல்லது. உப்பினால் பிறந்த இக்கலைக்கு உப்புக் காற்று ஆகாது என்பதும் விந்தைதான். பழைய படங்களின் மேற்பரப்பிலுள்ள ஜெலற்றின் ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சணம் பிடிக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெளிச்சுவரை ஒட்டியோ, அடுக்களையின் அருகிலோ அவற்றை வைக்கலாகாது. பசை தடவிய பக்கங்களையுடைய மலிவான அல்பங்கள் சில ஆண்டுகளிலே படத்தை மஞ்சளாக்கிவிடும். சாதாரணக் கடிதவுறை அவற்றினும் மேலானது. போரிலே தப்பிய பழைய படங்கள் எவரிடமேனும் இருந்தால், மின்வடிவில் படியெடுத்துக்கொள்ளலாம். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களோடு இத்தகைய ஆவணங்களையும் பேணிவருகிறது.

படத்தின் பின்புறத்திலே எழுதுவதற்குக் குமிழ்முனைப் பேனா வேண்டாம். மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சில் போதும். களுத்துறைப் படங்களில் எழுதப்படாமற் போனவை எவையோ அவற்றையே எழுதுதல் வேண்டும்: தேதி, இடம், படத்தில் உள்ளவரின் முழுப்பெயர், எடுத்தவருக்கு அவர் என்ன முறை என்பது. ‘உம்மா’ என்று மட்டும் எழுதிவிட்டால், எழுபது ஆண்டுகளின் பின் அது யாருடைய உம்மா என்று தெரியாது. இடம் இருந்தால் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: ‘உப்புக்குளம், கிணற்றடி, காலை ஏழு மணி. வாடை தொடங்கி மூன்றாம் நாள். படகு போகவில்லை, எல்லாரும் வீட்டில்.’